மடியில் இருந்த கோப்பு

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு, குருவுக்கு நாற்பத்தொன்று. இந்தக் கதையின் கோணல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சீடர் பெயர் டாக்டர் ஆவுடையப்பன். திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷம் மனநல மருத்துவராக இருந்தவர். வார்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நர்சுகள் எழுந்து நின்றுவிடுவார்கள். மனைவி கோமதி இறந்த பிறகு, மகளோடு இருக்கலாம் என்று வடக்கே ஒரு குளிர் நாட்டின் துறைமுக ஊருக்கு வந்தார். சும்மா இருக்கக் கை கால் ஒத்துழைக்கவில்லை, வேலை கேட்டார். அந்த நாட்டுச் சட்டம், "நல்லது, முதலில் ஒரு வருஷம் எங்கள் ஆள் ஒருவரின் கீழ் கற்றுக்கொள்ளுங்கள்" என்றது.

அந்த ஆள்தான் துஷ்யந்தி. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அகதிகளை விசாரிக்கும் அலுவலகத்தில் பதினொரு வருஷம் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தார். பிறகு உளவியல் படித்து, மீன் சந்தைக்குப் பின்னால் அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்தை நடத்திவந்தார். இரண்டு அறை, நான்கு நாற்காலி, எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு தேநீர்க் கேத்தில்.

முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். "நம்ம ஜனங்கதானே மேடம். பாஷையும் ஒண்ணு. வெள்ளைக்காரங்களுக்குத்தான் இதெல்லாம் கஷ்டம். எனக்குச் சிரமமே இருக்காது."

"நல்லது டொக்டர்" என்றார் துஷ்யந்தி. "அப்ப சின்னராசா அண்ணையைப் பாருங்கோ."

சின்னராசா முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடித்தவர். போர் முடிந்து சில வருஷம் கழித்துத் தனியாகத் தப்பி வந்தார். இங்கே மீன் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கும் வேலை. மனைவி மங்களேஸ்வரியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் கொழும்பில் மங்களேஸ்வரிக்கு நேர்முகம்.

ஆனால் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. வேலையில் நின்றபடியே கையில் கத்தியோடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மேலாளர் கடிதம் எழுதிவிட்டார். வேலை போனால் குடும்பத்தைக் கூப்பிட வழியில்லை.

டாக்டர் புதுக் கோப்பு திறந்தார். ஓய்வு பெற்ற அன்று சக டாக்டர்கள் கொடுத்த கறுப்பு மைப்பேனாவைத் திறந்தார். "இங்க பேசுறது வெளிய போகாது. தைரியமா சொல்லுங்க" என்றார்.

"ஓம் ஐயா" என்றார் சின்னராசா. பிறகு, பேனாவின் முனையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பிறந்த இடம், தொழில், இடம்பெயர்ந்த ஊர்கள், ஷெல் விழுந்த நாட்கள், தடுப்பு முகாம், படகு. தேதிகூடத் தப்பவில்லை.

"அது எந்த மாசம்? அப்புறம்?" என்று டாக்டர் இடையிடையே கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

இப்படி மூன்று வாரம். மூன்றாம் வாரம் டாக்டர் கோப்போடு குருவிடம் வந்தார்.

"உணர்ச்சியே மரத்துப்போச்சு மேடம். பக்கத்துல குண்டு விழுந்ததைப் பஸ் வந்த மாதிரி சொல்றார். மருந்து கூட்டணும்."

"எவ்வளவு நேரம் கதைச்சவர்?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

"போன கிழமை?"

டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். "அதுவும் இருபத்திரண்டு."

"முதல் கிழமை?"

டாக்டர் பார்த்தார். அங்கேயும் இருபத்திரண்டுதான்.

"என்ன மாதிரிக் கதைச்சவர் டொக்டர்?"

"நல்ல சுத்தமான தமிழ். 'நான் திருமணமானவன். எனக்கு இரு பிள்ளைகள் உள்ளனர்.' எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

"சின்னராசா அண்ணை கடையில தக்காளி வாங்கேக்க அப்பிடிக் கதைக்கிறவரோ?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ அனுபவத்தைத் தக்காளியில் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"சரி மேடம். நான் கேட்டதுல என்ன தப்பு?"

துஷ்யந்தி ஒரு தாளை எடுத்தார். டாக்டர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு நடந்தது ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ. பெரிசோ சின்னனோ, உங்கட விருப்பம்."

டாக்டர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது கோமதி. கடைசி நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் குடிக்க எலுமிச்சைச் சாறு கேட்டது. இவர் கான்டீனுக்கு ஓடியது. வரிசையில் நின்றது. டம்ளரோடு திரும்பி வந்தபோது நர்ஸ் கதவை மறித்து நின்றது. சொல்லும்போது டம்ளரைப் பிடித்திருந்த மாதிரியே கை வளைந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

துஷ்யந்தி ஒவ்வொரு வரியையும் எழுதினார். "நன்றி டொக்டர். நாளைக்கும் சொல்லுங்கோ."

மறுநாள் சொன்னார்.

"பொறுங்கோ" என்று துஷ்யந்தி நேற்றைய தாளைப் பார்த்தார். "இண்டைக்கு மோர் எண்டு சொல்லுறியள். நேற்று எலுமிச்சைச் சாறு எண்டு சொன்னனீங்கள்."

"அப்படியா? மோராத்தான் இருக்கும்."

"இருக்குமோ, இருந்ததோ? வரிசையில எத்தனை பேர் நிண்டவை? நேற்று அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. இண்டைக்கு 'நாலஞ்சு பேர்' எண்டு சொல்லுறியள். நாலோ, அஞ்சோ?"

"மேடம், என் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா. நான் தலையையா எண்ணுவேன்?"

"விளங்குது. நாளைக்கும் சொல்லுங்கோ."

மூன்றாம் நாள் டாக்டர் தயாராக வந்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "நோயாளி மதியம் எலுமிச்சைச் சாறு கேட்டார். நான் கான்டீனுக்குச் சென்றேன். வரிசையில் ஐந்து பேர் இருந்தனர்." கண்ணாடியைக் கழற்றவில்லை. கை மடியில் கிடந்தது. ஒன்றரை நிமிஷத்தில் கோமதி இறந்து முடிந்தாள்.

துஷ்யந்தி பேனாவை மூடினார். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"உண்மையில எது டொக்டர்?"

"மோர்" என்றார் அவர். "அவளுக்கு எலுமிச்சை ஆகவே ஆகாது. புளிப்பு தொட்டா நெஞ்சு எரியும்."

"பிறகு ஏன் எலுமிச்சை எண்டு சொன்னனீங்கள்?"

"முதல் நாள் வாய் தவறி வந்துடுச்சு. நீங்க அதை எழுதிட்டீங்களே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஒரு டம்ளருக்காக, யாரோ எழுதின தாளுக்காக, கோமதிக்குப் பிடிக்காததை அவள் வாயில் வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மீன் லாரிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் துஷ்யந்தி. "உங்களை நோகப்பண்ணிப்போட்டன். அந்த அலுவலகத்தில பதினொரு வருஷம் நான் இந்த மாதிரிக் கேள்வியளுக்குத்தான் வாய் குடுத்தனான்."

தேநீர் ஊற்றிக் கொடுத்தார். டாக்டர் குடித்தார்.

"நான் இனிமே அவர்ட்ட என்ன கேட்கணும் மேடம்?"

"அந்த அறையில எழுதுற பேனை ஆரிட்ட இருக்கு டொக்டர்?"

அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சின்னராசா வந்து உட்கார்ந்ததும், டாக்டர் கோப்பைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். அதன் மேல் மைப்பேனாவையும் வைத்தார்.

"இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. இங்க இருக்கிறப்போ நீங்கதான் வச்சுக்கணும்."

சின்னராசா கோப்பையும் பார்த்தார், டாக்டரையும் பார்த்தார். இது என்ன புது மாதிரி விசாரணை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. இரண்டு கையையும் கோப்பின் மேல் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை.

அன்று இருபத்திரண்டு நிமிஷக் கதை வரவில்லை. இந்த ஊர் மீனில் ருசியே இல்லை என்று டாக்டர் சொன்னார். அது மீனின் குற்றமில்லை, உறைப்புப் போடத் தெரியாதவர்களின் குற்றம் என்று சின்னராசா சொன்னார். நண்டை எப்படி உடைப்பது என்று ஒரு வாரம் பேசினார்கள். கேள்வி கேட்காமல் இருப்பது டாக்டருக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெளியே வந்ததும் துஷ்யந்தியிடம் புலம்புவார்.

"நாள் போகுது மேடம். நேர்முகத்துக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கு. நான் நண்டு பேசிக்கிட்டிருக்கேன்."

"நண்டுக்கு என்ன குறை?" என்பார் அவர்.

அதற்கு அடுத்த வாரம் பேச ஒன்றும் அகப்படவில்லை. டாக்டருக்கே தெரியாமல் அது வாயில் வந்தது.

"அண்ணாச்சி, நான் போன மாசம் ஒரு பொய் சொன்னேன். என் வீட்டுக்காரி கடைசியா மோர் கேட்டா. நான் எலுமிச்சைச் சாறுன்னு சொல்லிட்டேன். மேடம் அதை எழுதியும் வச்சிட்டாங்க."

"ஏன் ஐயா, பிறகு திருத்தேல்லயோ?"

"திருத்தினேன். ஏன் மாத்திச் சொல்றீங்கன்னு கேட்டாங்க. பயந்துட்டேன். ஒண்ணை மாத்தினா மிச்சமும் பொய்னு ஆயிருமோன்னு, மறுபடி எலுமிச்சைன்னே சொல்லிட்டேன்."

சின்னராசாவின் விரல்கள் கோப்பின் விளிம்பில் போய் நின்றன.

"ஐயா" என்றார். "இதிலயும் ஒண்டு பிழை."

சின்னராசா கோப்பைத் தட்டிக் காட்டினார்.

"எனக்குப் பிள்ளையள் ரெண்டில்ல. மூண்டு."

கடைசிப் பெண் ஆரபி. ஆறு வயது. கடைசிக் கட்டப் போரில், பதுங்குகுழிக்கு வெளியே ஷெல் விழுந்து இறந்துவிட்டது. புதைத்த இடத்துக்கு அடையாளமில்லை, இறந்ததற்குச் சான்றிதழும் இல்லை.

"என்னை இங்க கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் சொன்னவன், செத்த பிள்ளையைப் பற்றிக் கதைச்சா சான்றிதழ்த் துண்டு கேப்பினம், துண்டு இல்லையெண்டா எல்லாம் பொய் எண்டு திருப்பி அனுப்புவினம் எண்டு. விசாரிக்கேக்க ரெண்டு எண்டு சொல்லிப்போட்டன். எழுதிப்போட்டினம். பிறகு எங்க கேட்டாலும் ரெண்டு. பள்ளிக்கூடத்தில கேட்டாலும் ரெண்டு, ஆஸ்பத்திரியில கேட்டாலும் ரெண்டு."

கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கொழும்பில மனிசியைக் கேக்கப்போகினம். நீயும் ரெண்டு எண்டு சொல்லு எண்டு சொன்னனான். 'பெத்தது நான். மூண்டெண்டுதான் சொல்லுவன்' எண்டு போனை வச்சிட்டாள். ரெண்டு மாசமா என்னோட கதைக்கிறேல்ல. அவள் மூண்டெண்டு சொன்னா நான் பொய்க்காரன், குடும்பம் வராது. ரெண்டெண்டு சொன்னா..."

'எந்தத் தேதி?' என்ற கேள்வி டாக்டரின் நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அதை அப்படியே விழுங்கினார்.

"ஆரபிக்கு என்ன பிடிக்கும் அண்ணாச்சி?"

சின்னராசா நிமிர்ந்து பார்த்தார். இந்த நாட்டில் அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உறைப்பு ஐயா! அந்தச் சின்ன வாய்க்கு எவ்வளவு உறைப்பெண்டு நினைக்கிறியள். மிளகாய் இடிச்ச கட்டச் சம்பல் இல்லாமப் பாண், ரொட்டி தின்னமாட்டாள். மூக்கு ஓடும், கண் ஓடும், 'இன்னும் போடு' எண்டுவாள். பொல்லாத காவாலி. தோணியில ஏத்தாட்டி மண்ணில உருளுவாள், போட்டிருக்கிற நீலச் சட்டையோட..."

கரைப்பேச்சு வந்தது. கூடவே அழுகை வந்தது, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வயது ஆறு என்றார், பிறகு ஐந்தரை என்றார், பல் விழுந்துவிட்டது என்றார், இல்லை ஆடிக்கொண்டிருந்தது என்றார். டாக்டர் ஒன்றையும் பிடித்து நிறுத்தவில்லை. அவரும் சேர்ந்து அழுதார் என்பதை மறைப்பானேன்.

எழும்போது சின்னராசா கோப்பைத் திறந்தார். 'பிள்ளைகள்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. டாக்டரின் மைப்பேனாவால் கீழே மூன்றாவது பெயரை எழுதினார். மீன் வெட்டும் கை, எழுத்து பெரிதாக வந்தது.

சின்னராசாவைக் கேட்டுக்கொண்டு டாக்டர் விஷயத்தைச் சொல்ல, துஷ்யந்தி அன்று மாலையே வக்கீலைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுச் சின்னராசாவிடம் சொன்னார். "நாங்களே முந்தித் திருத்தி எழுதலாம் அண்ணை. ஏன் விட்டனீங்கள் எண்டதையும் உள்ளபடி எழுதலாம். ஆனா உறுதி ஒண்டும் தர ஏலாது. உங்களுக்குச் சம்மதமோ?"

சின்னராசா எழுந்தார். "மனிசியிட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லுறன்" என்று வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், தெருவில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். அன்று நிலையத்தில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் அவரே தின்று தீர்த்தார்.

நேர்முகத்தில் அதிகாரி கேட்டாராம், உன் கணவர் ஏன் முதலில் இரண்டு என்று சொன்னார் என்று. "அவருக்குப் பயம். எனக்கு அது போய்க் கனகாலம்" என்றாளாம் மங்களேஸ்வரி. முடிவு உடனே வரவில்லை. பனிக்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். சின்னராசா வேலையை விடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் பாதி நாள் வேலையாக்கி, பிறகு முழு நாளாக்கிக்கொண்டார்கள்.

பனி கரையத் தொடங்கிய வாரத்தில் அனுமதி வந்தது. மங்களேஸ்வரியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். டாக்டரின் பயிற்சி வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, புருஷனும் பெண்சாதியுமாக அந்த அறையில் வந்து உட்கார்ந்தார்கள். கோப்பு பழக்கப்படி சின்னராசாவின் மடிக்குப் போனது.

அவர் ஆரபியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "...நீலச் சட்டையோட மண்ணில உருளுவாள்..."

"நீலமோ?" என்றாள் மங்களேஸ்வரி. "மஞ்சள்."

"நீலமடி. கழுத்தில பூ வச்சது."

"கழுத்தில பூ வச்சது மூத்தவளின்ர. தைச்சது நான், உவருக்குத் தெரியுமாம்! உவர் கடலுக்குப் போற ஆள், விடிஞ்சா வீட்டில நிண்டாத்தானே நிறம் தெரியும்?"

"எடியே, தோணியில ஏத்தினது நானோ நீயோ?"

சண்டை அரை மணி நேரம் ஓடியது. மஞ்சளுக்கு ஒரு சாட்சி, நீலத்துக்கு ஒரு சாட்சி. நடுவில் மங்களேஸ்வரி கோப்பை வெடுக்கென்று பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்னராசா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவள் தோளில் கை வைத்தபடி இருந்தார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் கோப்போடு குருவின் மேசைக்கு வந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இன்னிக்கு நடந்ததைப் பதிவு பண்ணணும். அவர் நீலங்கிறார், அந்தம்மா மஞ்சள்ங்கிறாங்க. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. நான் எதை எழுத?"

துஷ்யந்தி மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். டாக்டர் கையிலிருந்த மைப்பேனாவை மெல்ல வாங்கி மூடினார்.

"அடுத்த கிழமை வேற நிறம் சொல்லுவினம்" என்றார். "இந்தாங்கோ, பென்சிலால எழுதுங்கோ."